உப்புத் தண்ணீரில் கழுவிய புண்

எங்கள் ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் கடைசியாக மண் மேடிட்டு அடைத்துக்கொண்டதே, அந்த வெயில் காலத்தில்தான் இது நடந்தது. மண் தோண்டும் இயந்திரம் அப்போது வரவில்லை. ஏரி சுண்டிப்போய், தண்ணீர் நாக்கில் பட்டால் கரித்தது. இறாலும் குறைவு. ஆனாலும் நானும் என் மனைவியும் தினமும் இறங்கினோம். இறாலைப் போடும் பறிக்கூடையை வாயில் கவ்விக்கொண்டு, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பதுதான் எங்கள் பிழைப்பு.

அவள் பெருத்த உடம்புக்காரி. கரையில் நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கும். தண்ணீரில் மட்டும் என்னை முந்திவிடுவாள். ரத்தத்தில் கொழுப்பு, ஈரலிலும் கொழுப்பு, சர்க்கரை வேறு. மாத்திரை அவளுக்கு அலுத்துப்போயிருந்தது.

ஆரம்பாக்கத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்காரர்கள் முகாம் போட்டார்கள். வயிற்றுக் கொழுப்பை ஊசியால் உறிஞ்சி, அதிலிருந்து ஸ்டெம் செல் என்ற ஒன்றைப் பிரித்துத் திரும்ப உடம்பில் ஏற்றினால், எல்லாம் தானே சரியாகும் என்றார்கள்.

"என் கொழுப்ப எடுத்து எனுக்கே ஏத்துவானாம். இன்னாய்யா கூத்து இது?" என்று சிரித்தாள்.

"உனுக்குக் கொழுப்பு ஜாஸ்தினு நான் சொன்னப்ப அடிக்க வந்தியே. இப்ப டாக்டரே சொல்றாரு."

"நீ சும்மா கெட. மூச்சு வாங்காம பஸ் வரிக்கும் நடந்தா போதும் எனுக்கு."

பட்டணத்துக்குப் போய்ச் செய்துகொண்டோம். அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள். தொப்புளுக்குப் பக்கத்தில் இரண்டு சின்ன ஓட்டை, மேலே பிளாஸ்திரி. தண்ணீர் படக்கூடாது, ஏரியில் இறங்கவே கூடாது என்று நர்சம்மா இரண்டு தடவை சொன்னார். எனக்கு நன்றாகவே காதில் விழுந்தது.

ஐந்தாம் நாள் ஓட்டையில் நீர் கசிந்தது. எங்களுக்கு இறால் கொம்பு குத்தினாலும் சிப்பி அறுத்தாலும் ஏரித் தண்ணீர்தான் மருந்து. என் நைனா அப்படித்தான் செய்வார். ஒருமுறை அவர் காலில் திருக்கை வால் அடித்து... அது வேறு கதை. பிழைத்துக்கொண்டார். உப்புத் தண்ணீரைப் பற்றி அந்த நர்சம்மாவுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். குடத்தில் மொண்டுவந்து நானே கழுவினேன்.

"எரியுதுய்யா."

"எரிஞ்சாதான் ஆறும். பல்லக் கடிச்சிக்கோ."

மறுநாள் காய்ச்சல். சாயங்காலத்துக்குள் வயிற்றில் கருநீலக் கொப்புளங்கள். ஆட்டோவில் போட்டுக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

"கொழுப்பு வியாதிக்கு இந்த வைத்தியம் இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு, பெரியவரே. இத அவங்களுக்குப் பண்ணியிருக்கவே கூடாது" என்றார் அங்கிருந்த டாக்டரம்மா. பிறகு, "புண்ணுல என்னா பட்டுது?" என்று கேட்டார்.

சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். திட்டவில்லை. உப்புத் தண்ணீரில் ஒரு கிருமி இருக்கிறதாம். ஈரல் கெட்டவர்களின் புண்ணில் ஏறினால் விடாதாம்.

மூன்றாம் நாள் போய்விட்டாள்.

முகாம்காரர்களை ஊரே ஏசுகிறது. நானும் ஏசுகிறேன். ஆனால் கழுவியது நான். இப்போது வேறொரு கரையில் முகாம் வரப்போவதாகக் கேள்வி. எனக்கு எழுதத் தெரியாது. சொல்லச் சொல்ல ஒருவர் எழுதுகிறார். இதைப் படிக்கிறவர்கள் ஏரிக்கரை ஆட்களைப் பார்த்தால், அந்த ஊசிக்குப் போகும் முன் அரசு டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள். புண்ணில் ஏரித் தண்ணீரை ஊற்ற வேண்டாம் என்றும் சொல்லுங்கள். நான் சொன்னால் என் வயசுக்காரர்கள் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.