ஊல்கான் அக்கா நுழையாத கூடாரம்

மீசை முளைத்த லாரி டிரைவரிலிருந்து மூக்கு ஒழுகும் பொடிசு வரைக்கும் அந்த ஊரில் எல்லோருக்கும் ஊல்கான் அக்காதான். எல்லோரும் அவளுடைய பாலர் பள்ளியில் கஞ்சி குடித்து வளர்ந்தவர்கள். பாத்கென் மலையடிவாரத்தில், ஆப்ரிகாட் தோட்டங்களுக்கு நடுவே, நிலக்கரி அடுப்பு வைத்த ஒற்றை அறைதான் அந்தப் பள்ளி.

அவள் பாடம் நடத்தும் விதமே தனி. இந்த வாரம் ரொட்டி என்றால் எல்லாமே ரொட்டிதான். துண்டுகளை எண்ணினால் கணக்கு. கோதுமையை ஈரத்துணியில் முளைக்கவிட்டுப் பார்த்தால் அறிவியல். வயதில் மூத்தவருக்கு முதல் துண்டு, ரொட்டியைக் கவிழ்த்து வைக்கக் கூடாது என்பதெல்லாம் ஒழுக்கம். மாவட்ட அலுவலகத்தார் இதைப் பாடவாரியாகப் பிரித்து எழுதித் தரச் சொல்வார்கள். அவளும் எழுதித் தருவாள், அவர்கள் மனசை ஏன் நோகடிப்பது?

அறையின் மூலையில் பழைய கம்பளத்தை வெட்டித் தைத்த ஒரு சின்னக் கூடாரம் நின்றது. வீட்டில் பார்த்ததையெல்லாம் பிள்ளைகள் அதற்குள் விளையாடித் தீர்ப்பார்கள். கல்யாணம், சந்தை, மாமியார் சண்டை, எதுவும் பாக்கியில்லை. பெரியவர்கள் யாரும் அதற்குள் காலை வைக்கக் கூடாது என்பது ஊல்கானின் சட்டம். அவளும் ஒருநாள்கூட வைத்ததில்லை.

இன்னொரு சட்டமும் உண்டு. பிள்ளைகளிடம் பொய் சொல்லக் கூடாது. அதைக் கற்றுக்கொள்ள அவள் கொடுத்த விலை அதிகம். ரஷ்யாவுக்கு வேலைக்குப் போன புருஷன் அங்கேயே வேறொருத்தியோடு குடித்தனம் போட்டுவிட்டான். "ஆப்ரிகாட் பழுத்ததும் அப்பா வருவாரு" என்று மகனிடம் சொல்லிவைத்தாள். பழம் பழுக்கும்போதெல்லாம் பையன் வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். கடைசியில் யாரோ வம்பு பேசியதைக் கேட்டு உண்மையைத் தெரிந்துகொண்டான். அதற்குப் பிறகு, வெளியே மழை பெய்கிறது என்று அம்மா சொன்னால்கூட எட்டிப் பார்த்துத்தான் நம்புவான். இப்போது அவனும் ரஷ்யாவில்தான் இருக்கிறான். பண்டிகைக்கு ஒரு போன், "நல்லா இருக்கேம்மா", அவ்வளவுதான்.

மரங்கள் பூத்திருந்த ஒரு காலையில் தோப்சுபாய்க் கிழவர் பேத்தி பெகாயிமை அழைத்து வந்தார். குழந்தையை உள்ளே அனுப்பிவிட்டு ஊல்கானைத் தனியே கூப்பிட்டார். பெகாயிமின் அப்பா எர்கின்பெக் மாஸ்கோவில் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இறந்துவிட்டான். உடல் இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

"மகளே, உடம்பு வந்து சேர்ற வரைக்கும் புள்ளைய பொழுது சாய்ற மட்டும் இங்கயே வச்சுக்க. வந்ததும் வாசல்ல துக்கக் கூடாரம் போட்டு, பெரியவங்க நாங்க உக்கார வச்சு முறையா சொல்லிக்கிறோம்."

"அது கேட்டுச்சுன்னா நான் என்ன சொல்றது?"

"அதுக்கு என்ன தெரியும், கேக்குறதுக்கு?"

"ஒரு நாள் இங்க வந்து உக்காந்து பாருங்க பெரியவரே, அதுங்களுக்கு என்னல்லாம் தெரியும்னு."

"சொல்லிடாத, தாயி. எம் மவன் மூஞ்சிய நானே இன்னும் பாக்கல."

ஊல்கான் தலையை ஆட்டிவிட்டாள்.

நம் பெரியவர்களின் சமர்த்தைச் சொல்ல வேண்டும். பெகாயிமின் காதை மட்டும் பொத்திவிட்டு, மற்ற பிள்ளைகளின் தலைக்கு மேலேயே தேநீரை உறிஞ்சிக்கொண்டு ஊரே அந்தச் சாவைப் பேசியது.

மறுநாள் ஊல்கான் அடுப்பில் ரவைக் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தாள். கூடாரத்துப் பக்கம் சத்தம் கேட்டுத் திரும்பினாள். அந்த ஊர்ச் சாவு வீடுகளில் ஆண்கள் நிற்பதைப் போலவே பையன்கள் ஆளுக்கொரு குச்சியை ஊன்றி, அதில் குனிந்து சாய்ந்து, கூடாரத்துக்கு வெளியே வரிசையாக நின்று "ஐயோ, எஞ் சகோதரா!" என்று கதறிக்கொண்டிருந்தார்கள். உள்ளே பெண்பிள்ளைகள் கம்பளச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். ஒருத்தி விருந்தாளிகளுக்குக் கிண்ணங்களை எண்ணி வைத்தாள். வயதில் மூத்தவருக்கு முதல் துண்டு போனது. ரொட்டி கவிழாமல் இருந்தது. அவள் கற்றுக்கொடுத்த ஒன்றையும் அவர்கள் விடவில்லை.

படம் வரைந்துகொண்டிருந்த பெகாயிம் பென்சிலைப் போட்டுவிட்டு ஓடினாள்.

"நானும் வரேன், நானும் வரேன்! யாரு செத்தா?"

மாவுமில்காரர் மகன் துராத் குச்சியை விட்டு நிமிரக்கூட இல்லை. "உங்கப்பாதான். நீ இங்க நிக்காத, நீ மக. உள்ள போயி செவுத்தப் பாத்து உக்காரு."

"அப்ப எனக்குக் கறுப்பு முக்காடு வேணும்."

முக்காடு கிடைத்தது. உட்கார்ந்தாள். அத்தை வீட்டுச் சாவில் பார்த்தது அப்படியே அவளுக்கு ஞாபகம் இருந்தது. "என் மலையே சாஞ்சிட்டியே, அப்பா" என்று இழுத்து இழுத்து அழுதாள். பிறகு தலையை வெளியே நீட்டினாள். முகத்தில் பெருமை.

"அக்கா, நான் சரியா அழறேனா?"

கஞ்சி ஆறுது, எல்லாரும் வாங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது பொய்கூட இல்லை. கிழவருக்குக் கொடுத்த வாக்கும் நிற்கும். ஆனால் அந்தக் கண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவனும் இப்படித்தான் பார்ப்பான்.

ஊல்கான் கரண்டியைக் கீழே வைத்தாள். பையன்கள் விலகி வழிவிட்டார்கள். குனிந்து கூடாரத்துக்குள் போனாள். குழந்தையின் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து, சுவரைப் பார்த்து, "எர்கின்பெக்கே, என் கையால கஞ்சி குடிச்ச மகனே" என்று வாய்விட்டு அழுதாள். அவனும் இதே கூடாரத்தில் விளையாடியவன்தான்.

வெளியே கதறல் நின்றுவிட்டது. ஒரு குச்சி கீழே விழும் சத்தம் கேட்டது.

பெகாயிம் அவள் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். "அக்கா, நீங்க இதுக்குள்ள வர மாட்டீங்களே." ஊல்கான் திரும்பி, கண்ணீர் வழியும் முகத்தை மறைக்காமல் அவளுக்குக் காட்டினாள்.

குழந்தை அந்த முகத்தையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு நழுவிய முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, மறுபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். இந்த முறை அவளுக்கு அழ வரவில்லை.