காதர் பாய் கரைத்த சாயம்

போன வெள்ளிக்கிழமை தண்ணீர் சோதனைக் கூடத்தில் கண்ணாடிக் குழாயும் கையுமாக நின்றிருந்தேன். காதர் பாயின் மருமகன் வாசலில் வந்து நின்றார். "மாமா மௌத்தாயிட்டாங்க சார். ஜும்மா முடிஞ்சு அடக்கம்." துக்கத்துக்கு முன்னால் எனக்கு வந்தது பயம். அவரிடம் சொல்ல வேண்டிய ஒன்றை ஆறு வருடமாகத் தள்ளிப்போட்டிருந்தேன். இனி யாரிடம் சொல்வது? அவரை அறிந்து இங்கே கூடியிருக்கும் உங்களிடம்தான்.

கோச்சடைப் பக்கம் வீட்டுச் சாக்கடை நேரே வைகையில் விழுந்துகொண்டிருந்த காலம். ஆற்றோர ஊற்றில்தான் பாதித் தெரு குடிதண்ணீர் எடுத்தது. சாக்கடையை வழியிலேயே மறித்து, ஜல்லி நிரப்பிய தொட்டியில் சம்பங்கோரை நட்டு, வேர்களுக்கிடையே மெல்ல ஊறவிட்டால் அழுக்கு குறையும் என்று நான் திட்டம் போட்டேன். கட்டியவர் மேஸ்திரி அப்துல் காதர். மேலதிகாரி பார்க்க வருவதற்குள் முடித்தாக வேண்டும் என்று எனக்கு ஒரே பரபரப்பு. தண்ணீர் நுழையும் குழாயையும் வெளியேறும் குழாயையும் ஒரே ஓரத்தில் வைக்கச் சொன்னேன். தோண்டும் வேலை மிச்சமல்லவா! "தண்ணிக்கு அவசரம் இல்ல சார், உங்களுக்குத்தேன்" என்றார் பாய். எரிந்து விழுந்தேன்.

கோரை ஆள் உயரம் வளர்ந்தது. வெளியே வந்த தண்ணீரோ உள்ளே போனதைப் போலவே நாறியது. மேலதிகாரி விளக்கம் கேட்டார். "தளம் மட்டமில்லை, மேஸ்திரி வேலை சரியில்லை" என்று அறிக்கை எழுதிக் கொடுத்தேன். அன்றைக்கு அப்படித்தான் நம்பினேன் என்று இன்றும் என்னைத் தேற்றிக்கொள்கிறேன்.

விஷயம் காதில் விழுந்தும் பாய் சண்டைக்கு வரவில்லை. சுங்குடிச் சேலைக்குச் சாயம் போடும் கூட்டாளியிடம் ஒரு வாளி சிவப்புச் சாயம் வாங்கிக்கொண்டு சைக்கிளில் வந்தார். "வாங்க சார், எங்கிட்டுப் போறன்னு தண்ணிகிட்டயே கேப்போம்" என்று நுழைகுழாயில் ஊற்றினார். இரண்டு நாள் தொட்டிக்குள் தங்க வேண்டிய தண்ணீர், நாங்கள் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் வெளிக்குழாயில் சிவப்பாகக் கொட்டியது. ஓரத்து ஜல்லியைக் கிளறினால் சிவப்பு. நடுவில் கிளறினால் ஒரு பொட்டுக்கூட இல்லை; தண்ணீர் ஓரத்தோடே குறுக்குவழியில் ஓடியிருக்கிறது. கீழே ஆற்றில் துவைத்துக்கொண்டிருந்த பெண், "அடியாத்தீ, ரத்தமாவுல்ல வருது!" என்று அலறினார். "பதறாத ஆத்தா, சார் வச்ச குழாய் பேசுது" என்றார் பாய். எல்லாரும் சிரித்தார்கள். நான் மட்டும் திரும்பத் திரும்ப ஜல்லியைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

மறுநாளே தொட்டிக்குள் பக்கம் மாற்றி மாற்றி மூன்று தடுப்புச் சுவர் எழுப்பி, தண்ணீரை வளைந்து வளைந்து போக வைத்தார். சில வாரங்களில் நாற்றம் அடங்கியது. மேலதிகாரி என் தோளைத் தட்டினார். அறிக்கையை மட்டும் நான் திருத்தவில்லை. சோழவந்தானில் அடுத்த தொட்டி கட்டியபோது வேறு மேஸ்திரியை வைத்தார்கள். காரணம் பாய்க்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் வழியில் பார்க்கும்போதெல்லாம், "கோரை எப்பிடி இருக்கு சார்?" என்று மட்டும் கேட்பார். வேறு ஏதாவது கேட்டுத் தொலைக்கக் கூடாதா இந்த மனுசன் என்று எனக்குள் புழுங்குவேன்.

அடக்கம் முடிந்து நேரே அலுவலகம் வந்தேன். பழைய அறிக்கையைத் தேடி எடுத்து, "தளம் சரிமட்டமாகத்தான் இருந்தது. குழாயை அங்கே வைக்கச் சொன்னவன் நான்" என்று அடியில் எழுதிக் கையெழுத்திட்டேன். "இப்ப எதுக்குய்யா இது?" என்றார் மேலதிகாரி. கோப்பைக் கட்டி அவர் மேசையில் வைத்தேன்.

"கோரை எப்பிடி இருக்கு சார்?" அந்தக் கேள்விதான் பாயிடமிருந்து எனக்கு மிஞ்சியது. கோரை நன்றாக இருக்கிறது, பாய். நீங்கள் போட்ட தளத்தின் மேல்தான் நிற்கிறது.