மூன்று நிமிட நடை

ஊர் நடுவிலிருந்த அந்தக் கடையை வாடகைக்குப் பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் தரகர் ஒரே பாட்டைத்தான் பாடுவார். "பின்வாசல்ல இறங்கினா பஸ் ஸ்டாண்ட் மூணு நிமிஷ நடை. ரயில்ல வர்ற கூட்டமும் இந்தச் சந்துலதான் வரும்." இருபது வருடம் அதையே சொன்னதில் அவருக்கே 'மூணு நிமிஷம்' என்று பெயர் வந்துவிட்டது. அவரோ ஸ்கூட்டரில் முன்வாசலுக்கு வந்து அப்படியே திரும்பிப் போகிற ஆள்.

அன்று மூக்குக்கண்ணாடிக் கடைக்கு இடம் தேடி வந்த அம்மாள் விடவில்லை. "வாங்க, நடந்தே பாத்துடலாம்."

"தாராளமா!" என்று தரகர் மிடுக்காக முன்னால் நடந்தார். சந்து திரும்பியதும் தூக்கிவாரிப் போட்டது. குறுக்கே இரண்டு ஆள் உயரத்துக்குச் சுவர். அதற்கு அந்தப் பக்கம் பஸ்களின் ஹாரன் சத்தம்.

"இது எப்போ வந்துச்சு?"

"நாலு வருஷமாச்சேண்ணே!" என்றார் அங்கிருந்த சைக்கிள் கடைக்காரர். "இப்ப பாலத்தைச் சுத்தித்தான் போகணும். இருபது நிமிஷம் ஆகும்."

இந்த நாலு வருடத்தில் ஐந்து பேர் தரகரின் பேச்சை நம்பி அங்கே கடை வைத்து மூடிவிட்டார்கள். கடைசி ஆள் அவர் மனைவியின் தம்பி. "ஆளே வரல மாமா, ஒரு தடவ பின்பக்கம் நடந்து பாருங்க" என்று கெஞ்சினான். "எனக்கே வழி சொல்றியா? உனக்கு வியாபாரம் பண்ணத் துப்பில்ல" என்று குடும்பமே பார்க்க அவனை விளாசியவர் இவர்தான்.

"முன்னாடி இருந்தவங்கல்லாம் ஏன் காலி பண்ணாங்க?" என்று கேட்டார் அம்மாள். "பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து பாக்கலையா?"

"அவங்க பாத்தாங்கம்மா" என்றார் தரகர், சுவரிலிருந்து கண்ணை எடுக்காமல். "நான்தான் பாக்கல."