பெட்டி வராத ஆடி

என் நாத்தனார் பிரான்சில் இருக்கிறார். என் வீட்டுக்காரருக்கு ஒரே அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன், பிள்ளைகளுக்கு அத்தை. வாழ்க்கைப்பட்ட குடும்பத்துக்கு அந்த நாட்டுக் குடியுரிமை இருந்ததால் கல்யாணமான வருடமே விமானம் ஏறிவிட்டார். அங்கே ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. பிள்ளை இல்லை. புதுச்சேரியை ஒட்டிய எங்கள் ஏம்பலம் பக்கத்தில் இப்படி ஒரு பிரான்சுச் சொந்தம் இருப்பது அதிசயமில்லை. ஆடி பிறந்தால் அங்கே கோடை விடுமுறை, ஏர்போர்ட்டிலிருந்து கார்கள் வரும். யார் வீட்டில் எத்தனை பெட்டி இறங்கியது என்று குழாயடியில் பேச்சு நடக்கும்.

எங்கள் வீட்டில் இரண்டு பெட்டி இறங்கும். இரண்டிலும் என் பிள்ளைகளுக்கான துணிதான். தன் தம்பிக்கென்று ஒரு சென்ட் பாட்டில், எனக்கென்று ஒரு கைப்பை, அவ்வளவுதான் மற்றவை.

வந்ததும் காப்பி கூடக் குடிக்க மாட்டார். கூடத்தில் தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்துவிடுவார். "இங்க வாடா. கைய தூக்கு. திரும்பு. இன்னாடி இது, போன வருசம் இடுப்பு வரிக்கும் இருந்த, இப்ப நெஞ்சு வரிக்கும் வந்துட்ட" என்று ஒன்றை மாற்றி ஒன்று போட்டுவிடுவார். பையனுக்குக் கூச்சம் அதிகம், நெளிவான். அவனை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு பொத்தான் போடுவார். தோள்பட்டைத் தையலைக் கட்டை விரலால் அழுத்திப் பார்ப்பார். பெண்ணின் பாவாடை இடுப்பில் கையை விட்டு, இன்னும் ஒரு வருடம் தாங்குமா என்று பார்ப்பார். ஒரு மணி நேரம் கூடம் சந்தைக்கடை மாதிரி இருக்கும். எனக்குத் தலைவலி வந்துவிடும்.

துணியைச் சொல்ல வேண்டுமே. கழுத்துவரை ஏறும் கம்பளிச் சட்டை. உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த கோட்டு. காதை மூடும் குல்லாய். காலோடு ஒட்டிய கம்பளிக் காலுறை. "சோல்துல எடுத்தேம்மா, பாதி வெல" என்பார். தள்ளுபடி விற்பனைக்கு அங்கே அப்படிப் பெயர். பாதி விலை சரி, இந்த வெயிலில் இதை யார் போடுவது? சித்திரையில் எங்கள் வீட்டு மாடு கூட நிழலை விட்டு நகராது. கொடுக்கிற தெய்வம் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொடுக்கும் என்பார்கள். எனக்குக் கூரை பிய்ந்ததுதான் தெரிந்தது, கொடுத்ததை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பிள்ளைகளின் பீரோவைத் திறந்தால் துணி மேலே வந்து விழும். அடியில் இருப்பதை எடுக்க எல்லாவற்றையும் கலைப்பார்கள், கலைத்ததை நான் மடிக்க வேண்டும். ஐப்பசி மழையில் ஒன்றும் காயாது, வீடு முழுக்க ஈரத்துணி நாற்றம். இத்தனைக்கும் என் பையன் போட்டது ஓட்டை விழுந்த ஒரே பச்சை பனியனைத்தான். அதைத் துவைத்துக் கொடியில் போட்டால், காயும்வரை வெற்று உடம்போடு பக்கத்திலேயே நிற்பான்.

ஒரு போகியன்று எனக்குப் பொறுக்கவில்லை. பழையன கழியும் நாள்தானே என்று பீரோ மொத்தத்தையும் கூடத்தில் கொட்டினேன். அட்டை கூடக் கிழிக்காத துணியே முக்கால்வாசி. நான் கணக்குப் போட ஆரம்பித்தேன். பிள்ளைகளுக்கு எத்தனை துணிதான் வேண்டும்? வாரத்தில் பாதிக்கு மேல் யூனிபார்ம். வில்லியனூரில் இருக்கும் பள்ளிக்கு ஏழரைக்கு வேன் ஏறினால் சாயங்காலம்தான் வருவார்கள். வந்ததும் வீட்டு டிரஸ். அதற்கு ஆளுக்கு நாலு போதும், மழைக்காலத்துக்கு இன்னொன்று. கல்யாணம், கோயிலுக்கு இரண்டு. தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று எடுப்போம், அது அடுத்த வருடம் வீட்டு டிரஸ் ஆகிவிடும். இதற்கு மேல் இருப்பதெல்லாம் நான் துவைப்பதற்காக இருக்கிறது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று என் அப்பா சொல்வார். அளந்துவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை.

பிள்ளைகளையே பொறுக்கச் சொன்னேன். ஒரு கலக்கமும் இல்லை அவர்களுக்கு. பெண், "இது குத்தும், வேணாம். இது எங்க கிளாஸ்ல பாத்தா சிரிப்பாங்க, வேணாம்" என்று தள்ளிக்கொண்டே போனாள். மூன்று சாக்கு நிறைந்தது.

அப்போது எங்கள் கொல்லைக்கு அந்தப் பக்கம், ஆலைக் கரும்பு வெட்ட வந்தவர்கள் தார்ப்பாய் கூடாரம் போட்டுக் குடும்பத்தோடு தங்கியிருந்தார்கள். சாக்குகளை வண்டியில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுநாள் விடியலில் பொங்கலுக்கு வாசல் தெளிக்க வந்தவள் பார்க்கிறேன், பனி கொட்டுகிறது. அந்தப் பிள்ளைகள் கம்பளிச் சட்டையும் குல்லாயுமாகக் கரும்புச் சோகையைக் கொளுத்திக் குளிர் காய்கிறார்கள். பிரான்சிலிருந்து வந்த துணி உரிய உடம்புக்கு இப்போதுதான் போய்ச் சேர்ந்தது என்று நினைத்தேன். அதை இன்றைக்கும் நான் தப்பு என்று சொல்ல மாட்டேன்.

அன்றே அண்ணி வீடியோவில் வந்தார். பொங்கல் பானையைக் காட்டு, மாட்டைக் காட்டு, பிள்ளைகளைக் காட்டு என்றார். காட்டினேன். அந்தச் சூட்டோடு சொல்லிவிட்டேன்.

"அண்ணி, தப்பா நெனைக்காதீங்க. இனிமே துணி வாங்கியாராதீங்க. ரெண்டுத்துக்கும் நெறைய கீது. வைக்க எடமில்ல."

போன் நின்றுவிட்டதோ என்று பார்த்தேன். நிற்கவில்லை. அவர் முகம் அப்படியே இருந்தது.

"சரிம்மா" என்றார். "அப்ப இன்னா வாங்கியாரட்டும்?"

"ஒண்ணும் வேணாம் அண்ணி. நீங்க வந்தாலே போதும்."

எத்தனை மரியாதையான பேச்சு, பாருங்கள். நாலு பேர் கேட்டால் நல்ல மருமகள் என்றுதான் சொல்வார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் கேட்டுவிட்டு, கரும்புக் கட்டை வாசலில் சாய்த்தபடி, "பொங்கலன்னிக்கி பொறந்த வூட்டுலேர்ந்து பொண்ணுக்கு சீரு போவும். நீ நல்ல சீரு அனுப்பிச்ச" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "துவைக்கறது நீங்களா நானா?" என்றேன்.

அந்த ஆடியில் அண்ணி வந்தார். காரிலிருந்து ஒரு சின்னப் பெட்டி மட்டும் இறங்கியது, அவருடைய சேலைகள். கையில் ஒரு சாக்லேட் டப்பா. என் மகள் அப்போது ஏழாவது. "வாங்க அத்தை" என்று சிரித்துவிட்டு சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தாள். பையன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். காப்பி கொடுத்தேன், குடித்தார். முதல் தடவையாக வந்தவுடன் சூடாகக் குடித்தார்.

"எத்தினியாவது படிக்கிற?"

"செவன்த் அத்தை."

"நல்லா படிக்கணும், இன்னா."

"ம்."

அண்ணி பையனைப் பார்த்து, "கிட்ட வாடா" என்று கையை நீட்டினார். அவன் இரண்டடி வந்தான். ஒன்பது வயதுப் பையன், வருடத்துக்கு ஒரு முறை பார்க்கும் அத்தை. எதற்குக் கூப்பிடுகிறார் என்று அவனுக்குத் தெரியவில்லை. வந்தவனை என்ன செய்வதென்று அவருக்கும் தெரியவில்லை. தலையை ஒரு தடவை தடவிவிட்டு, நீட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டார். அவன் டப்பாவிலிருந்து ஒரு சாக்லேட்டை எடுத்துக்கொண்டு வெளியே ஓடிவிட்டான்.

எனக்கு அந்த இடத்தில்தான் புரிந்தது. சட்டையைப் போட்டுப் பார்க்கிறேன் என்கிற சாக்கில்தான் அவர் இத்தனை வருடமும் இந்தப் பிள்ளைகளைத் தொட்டிருக்கிறார். பொத்தான் போடுவது, திருப்பி நிற்க வைப்பது, முதுகை அளப்பது, எல்லாம் அதற்குத்தான். சும்மா இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொள்ள, அவர் இங்கேயே வளர்த்த பிள்ளைகளா இவை? துணி எத்தனை வேண்டும் என்று என் பிள்ளைகளின் உடம்பை வைத்து மட்டும் நான் கணக்குப் போட்டிருந்தேன்.

புரிந்தவள் அதோடு சரியாகிவிட்டேனா என்றால் அதுவும் இல்லை. மூன்றாம் நாள் மத்தியானம் கொல்லைப்புறம் போனேன். அண்ணி கொடியிலிருந்து காய்ந்த துணிகளை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டிருந்தார். என் பெண்ணின் சுடிதார் மேல்சட்டை ஒன்றைத் துவைக்கிற கல்லின் மேல் விரித்து, கைமடிப்பை நீவி, மெதுவாக மடித்தார். அதைப் பார்த்ததும் எனக்குப் பதறியது. வந்த இடத்தில் நாத்தனாரை வேலை வாங்குகிறாள் என்று ஊர் பேசுமே என்றுதான் தோன்றியது.

"விடுங்க அண்ணி, நான் மடிச்சிக்கிறேன்" என்று கையிலிருந்து வாங்கினேன்.

"இருக்கட்டும்மா, சும்மாதான கீறேன்."

"ஐயோ, நீங்க போயி உக்காருங்க."

தோளில் கிடந்ததையும் எடுத்துக்கொண்டேன். அவர் வெறும் தோளோடு உள்ளே போனார். வழக்கமாக ஒரு மாதம் இருப்பவர், அந்த வாரமே புதுச்சேரியில் புருசன் வீட்டுச் சொந்தக்காரர்களைப் பார்க்க வேண்டும் என்று கிளம்பிவிட்டார். பிள்ளைகள் இரண்டும் வாசலில் நின்று டாட்டா காட்டின. நான் அவற்றை முன்னால் தள்ளி, "அத்தைய கட்டிப் புடிச்சி முத்தா குடுங்க" என்று சொல்லியிருக்கலாம். அதற்குக் காசா, பணமா? வாய் வரவில்லை. எதற்கெடுத்தாலும் திறக்கிற வாய், அன்றைக்கு என்ன கேடு வந்ததோ.

அடுத்த ஆடிக்கு அவர் வரவில்லை. முழங்கால் வலி, லீவு கிடைக்கவில்லை என்றார். வலி உண்மையாகவும் இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை வீடியோ மட்டும் நிற்கவில்லை. மாட்டைக் காட்டு என்பார், காட்டுவேன். பிள்ளைகள் போகிற போக்கில் எட்டிப் பார்த்து ஹாய் சொல்லும்.

என் பெண் அந்த வருடம் மளமளவென்று வளர்ந்தாள். வீட்டு டிரஸ் எல்லாம் முழங்காலுக்கு மேல் ஏறிவிட்டது. தீபாவளிக்கு முன்னால் அவளுக்குத் துணி எடுக்க வில்லியனூர் கிளம்பியவள், செருப்பைப் போட்டுக்கொண்டே நின்றேன். உள்ளே வந்து அண்ணிக்குப் போன் போட்டேன். அங்கே அவர் வேலைக்குக் கிளம்பும் நேரம். கோட்டு போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணி, பாப்பாவுக்கு ஒண்ணுமே பத்தல. நெட்டையா வளந்துட்டா. இங்க நல்லதா ஒண்ணும் கெடைக்கல. நீங்க வரும்போது அவளுக்கு எடுத்தாங்க அண்ணி. கம்பளியா இருந்தாலும் பரவால்ல."

கிடைக்கவில்லை என்பது பொய். கடைத்தெருவில் மலை மலையாகக் கிடக்கிறது. ஆனால் எனக்கு வேறு எப்படிக் கேட்பதென்று தெரியவில்லை. மன்னிச்சிக்குங்க அண்ணி என்று ஆரம்பித்தால், எதற்கு என்று அவர் கேட்பார். அதற்கு நான் என்ன பதில் சொல்வேன்?

அண்ணி சிரித்தார். மனத்தாங்கல் இல்லாத சிரிப்புதான், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"கொஞ்சம் முன்னாடி சொல்லியிருக்கக் கூடாதாம்மா? இங்க பீரோ முழுக்க இருந்துது. வருசா வருசம் சோல்துல அவளுக்குன்னு எடுத்து எடுத்து வச்சிக்கினே இருப்பேன். வளர்ற புள்ள, அடுத்த வருசத்துக்கு ஆவும், அதுக்கடுத்த வருசத்துக்கு ஆவும்னு. நீ சொன்னப்புறம் யோசிச்சிப் பாத்தேன், நாயமாத்தான் பட்டுது. அதுங்களுக்கு எதுக்கு அத்தினி துணி? போன வருசம் ஊருக்கு வந்துட்டுப் போனேன் பாரு, வந்ததும் எல்லாத்தையும் இங்க இல்லாதவங்களுக்குக் குடுத்துட்டேன்."

"எல்லாத்தையுமா அண்ணி?"

"ஆமாம்மா. பாப்பாவுக்குப் பதினாறு வயசு வரிக்கும் எடுத்து வச்சிருந்தேன்."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போனை வைத்துவிட்டார். என் மகள் கடைக்குப் போகலாமா என்று வாசலிலிருந்து கூப்பிட்டாள். அவளுக்குப் போன மாதம்தான் பதிமூன்று முடிந்தது.