ஒன்றாம் நம்பரும் இரண்டாம் நம்பரும்

வெள்ளிக்கிழமை சாயந்திரம் குவைத்திலிருந்து என் மகன் வீடியோவில் கூப்பிடுவான். செல்போனை அரிசி டின்னில் சாய்த்து வைத்துவிட்டு நான் தள்ளி நின்றுகொள்வேன். ஒரே மகன்தான், இருந்தாலும் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் எனக்குப் பேச்சு வராது. அவனுடைய அத்தா, என் வீட்டுக்காரர்தான் பேசுவார்.

இது இன்று நேற்றுக் கூச்சமில்லை. என் வீட்டுக்காரர் வளைகுடாத் துறைமுகம் ஒன்றில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் கேசட்டில் பேசி அனுப்புவார். பதிலுக்கு நானும் பேசி அனுப்ப வேண்டும். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். கடிதம் என்றால் யாரையாவது எழுதச் சொல்ல வேண்டும், அதற்கும் கூச்சம். டேப்ரிக்கார்டரை ஓடவிட்டு எதிரே உட்கார்ந்திருப்பேன். ஒரு வார்த்தையும் வராமலே இரண்டு பக்கமும் ஓடி முடிந்துவிடும். அப்படியே அனுப்பிவிடுவேன். "உன் கேசட்டு கெடச்சுது. காக்கா நல்லாப் பேசுது. பக்கத்து வயல் மோட்டாரும் நல்லா ஓடுது. நீ எப்படி இருக்கே?" என்று அடுத்த கேசட்டில் கேட்பார்.

மகன் குவைத்தில் ஏசி மெக்கானிக். ஜும்மா முடிந்து சாப்பிட்டுவிட்டு அவனும் அறையில் கூட இருக்கும் மூன்று பேரும் பாயை விரித்து உட்கார்ந்து ஒரு விளையாட்டு ஆடுவார்கள். அது சீட்டும் இல்லை, கேரமும் இல்லை. ஒருத்தன் கதை சொல்லிக்கொண்டே போவான். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, நான் இந்தக் கதவைத் திறக்கிறேன், நான் அவனைத் துரத்துகிறேன் என்பார்கள். அது நடக்குமா நடக்காதா என்பதற்குப் பல முகமுள்ள தாயக்கட்டையை உருட்டுவார்கள். கதை சொல்கிறவன் என் மகன். விதிகளையும் அவனே எழுதிக்கொண்டிருந்தான்.

கதை நடப்பது இன்னும் வராத ஒரு காலத்தில், ஒரு பெரிய பட்டணத்தில். அங்கே எல்லார் மண்டைக்குள்ளும் மெல்லிய கம்பி உண்டு. காதுக்குப் பின்னால் ஒரு துளை. அதில் ஒயரைச் செருகினால் கார் கிளம்பும், பூட்டு திறக்கும். கை வேண்டாம், நினைத்தால் போதும். ஒயர் இல்லாமலும் இணையலாம். ஆனால் அப்போது வேண்டாதவன் எவனாவது தூரத்திலிருந்தே நம் தலைக்குள் நுழைந்துவிடுவான். ஒரு தலை ஒரே நேரத்தில் எத்தனை மிஷினைத் தாங்கும் என்பதற்கும் ஒரு கணக்கு வைத்திருந்தான்.

மற்றவர்களுக்கு இது கற்பனை. என் வீட்டுக்காரர் தலைக்குள் அப்போதே கம்பி இருந்தது.

வளைகுடாவிலிருந்து திரும்பி வந்து சில வருஷத்தில் அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. பிறகு கால் தரையோடு ஒட்டிக்கொண்டது. நடக்க நினைப்பார், கால் கிளம்பாது. பள்ளிவாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அப்படியே நிற்பார். பின்னால் வருகிறவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போவார்கள். மருந்து கேட்காமல் போனபோது, மூளைக்குள் இரண்டு கம்பி வைத்தார்கள். அங்கிருந்து ஒயர் காதுக்குப் பின்னால் தோலுக்கு அடியிலேயே இறங்கி வந்து, நெஞ்சுக்கு மேல் ஒரு சின்னப் பெட்டியில் முடிகிறது. பெட்டி கம்பிக்கு மின்சாரம் அனுப்பும். பெட்டிக்கு ஒரு ரிமோட். அந்த ரிமோட் என் கையில்.

அதில் டாக்டர் இரண்டு நம்பர் வைத்துக் கொடுத்தார். ஒன்றாம் நம்பரில் நடப்பார், ஆனால் பேச்சு குழறிவிடும். இரண்டாம் நம்பரில் பேச்சு தெளிவாக வரும், கால் நின்றுவிடும். "நடைக்கு வேண்டிய மின்சாரம் நாக்கையும் போய்ப் பிடிக்குதும்மா. ரெண்டுக்கும் நடுவுல ஒரு எடம் இருக்கான்னு ரொம்பத் தேடிப் பார்த்தேன். கெடைக்கல," என்றார் டாக்டர். நல்ல மனுஷர். அவர் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் இவர் முதலில் சொன்னது, "பயகிட்ட இதெல்லாம் சொல்ல வேண்டாம்."

"ஏங்க, அவன் கேட்டா?"

"ஆபரேஷன் நல்லா நடந்துச்சு, அவ்வளவுதான். எனக்காக வேலைய விட்டுட்டு வந்து நின்னான்னா நான் தாங்க மாட்டேன்."

அதனால் வெள்ளிக்கிழமை மகன் கூப்பிடுவதற்கு முன்னால் நாற்காலியில் உட்கார வைத்து இரண்டாம் நம்பரை அமுக்குவேன். கொஞ்ச நேரத்தில் நாக்கு திரும்பிவிடும். பழைய குரலில் பேசுவார், சிரிக்க வைப்பார். போனை வைத்ததும் ஒன்றாம் நம்பர். வாரத்தில் ஒரு நாள் அவர் வாய்க்கால் கரையில் நடப்பதைப் படம் பிடித்து அனுப்புவேன். மதகில் தண்ணீர் விழுகிற சத்தத்தில் அவர் ஒன்றும் பேசாதது தெரியாது. குரலும் கேட்டது, நடையும் தெரிந்தது, மகன் நிம்மதியாக இருந்தான்.

அந்த வருஷம் அவனுடைய வேலை ஒப்பந்தம் முடிகிற நேரம். இன்னும் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுவதா, ஊருக்கு வந்து பாபநாசத்தில் ஏசி கடை போடுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தான். கையெழுத்துப் போடட்டும் என்று இவருக்கு ஆசை. ஊருக்கு வரட்டும் என்று எனக்கு. நான் அதை இவரிடமும் சொல்லவில்லை, அவனிடமும் சொல்லவில்லை. தொழுகையில் மட்டும் கேட்டேன்.

அந்த நாட்களில்தான் மகன் தன் விளையாட்டுக்காக அத்தாவைக் கேள்வி கேட்க ஆரம்பித்தான். நிஜமாகவே தலையில் கம்பி வைத்த மனுஷர் வீட்டிலேயே இருக்கிறார், விடுவானா?

"அத்தா, ரிமோட்டு எப்படிக் கனெக்ட் ஆகும்? ஒயர் இருக்கா?"

"அம்மாட்ட கேளு. கன்ட்ரோல் அங்கதான்."

என்னைக் கண்ணாடிக்கு முன்னால் இழுத்துவிட்டார். நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "ஒயர் இல்ல தம்பி. சட்டைக்கு மேல ஒட்டி வைக்கணும். கொஞ்சம் வெலகினாலும் கேக்காது," என்றேன்.

"அப்ப தூரத்துலேருந்து எவனும் அத்தா தலைக்குள்ள பூர முடியாது. அம்மாவால மட்டுந்தான் முடியும்!"

"கல்யாணமான நாள்லேருந்து அதைத்தாண்டா பண்ணிக்கிட்டிருக்கா," என்றார் இவர். அந்தப் பக்கம் அறையே சிரித்தது.

"கனெக்ட் ஆனா எப்படித்தா தெரியும்?"

"கையில எறும்பு ஊருற மாதிரி இருக்கும். அப்புறம் அடங்கிடும்."

அந்த எறும்பு எல்லாருக்கும் பிடித்துப்போனது. விளையாட்டில் யார் எந்த மிஷினோடு இணைந்தாலும் அன்றிலிருந்து கையில் எறும்பு ஊர்ந்தது. அதோடு மகன் ஒரு புதிய ஆளையும் கதைக்குள் கொண்டுவந்தான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் கிழவர். தலையில் பழைய காலத்துக் கம்பி. உட்கார்ந்த இடத்திலிருந்தே கிரேனை நினைப்பால் தூக்குவார். யாரென்று சொல்ல வேண்டியதில்லை. இவர் அதைக் கேட்டுவிட்டு, "நான் ஓட்டுறப்பவும் அப்படித்தான் இருந்துச்சு. அந்தக் கொக்கி என் வெரல் மாதிரி இருக்கும்," என்றார். நடுங்காமல் கிடந்த தன் கையையே பார்த்துக்கொண்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை கதை ஒரு சிக்கலில் வந்து நின்றது. கிழவரின் கிரேனில் ஒரு பெரிய இரும்புப் பெட்டி தொங்குகிறது. சங்கிலி அறுகிற நிலை. கீழே கூலி ஆட்கள் வேலை செய்கிறார்கள். கிரேனைப் பிடித்தும் வைக்க வேண்டும், ஒலிபெருக்கியோடு இணைந்து, விலகிப் போங்கள் என்று கத்தவும் வேண்டும். அவர் தலையில் இருப்பது பழைய கம்பி. இரண்டையும் ஒன்றாகத் தாங்குமா?

"அதுக்கு விதி எழுதணும். அத்தா, நீங்க எந்திரிச்சு நடந்துக்கிட்டே எங்கிட்ட பேசுங்க. ஒரே நேரத்துல ரெண்டு வேலைன்னா எப்படி இருக்குன்னு பாக்குறேன். பசங்களும் பாக்கணுங்குறானுங்க."

இவர் நாற்காலியில் இருந்தார். இரண்டாம் நம்பர். "இன்னொரு நாளு பாப்பமே," என்றார்.

"ரெண்டு நிமிஷந்தான் அத்தா. வாய்க்கால் கரையில அவ்ளோ தூரம் நடக்குறீங்க, கூடத்துல நடக்க மாட்டீங்களா?"

இவர் என்னைப் பார்த்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எதற்கும் என்னிடம் வழி கேட்டுப் பார்த்த மனுஷர் இல்லை. எனக்கு என்ன வழி தெரியும்? கையில் ஒரு ரிமோட், அதில் இரண்டு நம்பர், மூன்றாவது கிடையாது. பிறகு அவரே சட்டையைக் கண்ணால் காட்டினார். மகன் நடையைத்தான் கேட்டான், நடையைக் கொடுப்போம் என்று நினைத்திருப்பார். "கொஞ்சம் இரு, டீ குடிச்சிட்டு வர்றேன்," என்று சொல்லிவைத்தார். நான் போனைத் திருப்பி வைத்துவிட்டு அவர் நெஞ்சில் ரிமோட்டை ஒட்டி ஒன்றை அமுக்கினேன். நிஜமாகவே டீயும் போட்டேன். அது ஆறுவதற்குள் கால் திரும்பியிருந்தது.

கொல்லைக் கதவுப் பக்கம் போய், அங்கிருந்து கூடத்தைக் கடந்து போனை நோக்கி நடந்தார். நல்ல நடை. குவைத்தில் நாலு பேரும் கைதட்டினார்கள்.

"சூப்பர் அத்தா! இப்ப பேசுங்க. நடந்துக்கிட்டே பேசுங்க."

அவர் பேசினார். நடந்தபடியே, கையை ஆட்டி, ஏதோ முழுசாகச் சொன்னார். கூழில் விழுந்த மாதிரி சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. எனக்குப் பாதி புரிந்தது. துறைமுகத்தைப் பற்றி, வெயிலைப் பற்றி ஏதோ.

"அத்தா, கேக்கல. சிக்னல் சரியில்ல. இன்னொரு தடவை சொல்லுங்க."

இன்னொரு தடவை சொன்னார்.

"வாய்ஸ் கட்டாகுது அத்தா. படம் நல்லா வருது, வாய்ஸ்தான் ஒடஞ்சு ஒடஞ்சு வருது. இருங்க, கட் பண்ணிட்டுப் போடுறேன்."

கட் பண்ணினான், மறுபடி போட்டான். "இப்ப சொல்லுங்க." இவர் சொன்னார். "இல்லத்தா, அதே மாதிரிதான் இருக்கு. நம்ம ஊரு நெட்டே இப்படித்தான். நீங்க கொல்லைப் பக்கம் போய் நின்னு பாருங்க, அங்க டவர் கெடைக்கும்."

இவர் போனைக் கையில் எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார். அங்கே முருங்கை மரத்தடியில் நின்று, அதே வார்த்தைகளை மெதுவாக, ஒவ்வொன்றாகப் பிய்த்துப் பிய்த்துச் சொல்லிப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்தது. மகன் அங்கே, "கேக்கல அத்தா, கேக்கல," என்று கத்திக்கொண்டிருந்தான். தூரத்தில் இருப்பவனைக் கூப்பிடுவதுபோலக் கத்தினான்.

நான் பின்னாலேயே போய் அவர் கையிலிருந்து போனை வாங்கினேன்.

"சிக்னல் நல்லாத்தான் இருக்கு தம்பி," என்றேன். "அத்தா பேச்சே அதுதான்."

அவன் சிரித்துக்கொண்டிருந்த முகம் அப்படியே நின்றது. இவர் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் போட்டார். நிறுத்து என்கிறார், அது எனக்குப் புரிந்தது. நான் நிறுத்தவில்லை. ஒன்றாம் நம்பர் எதற்கு, இரண்டாம் நம்பர் எதற்கு, டாக்டர் என்ன சொன்னார், வெள்ளிக்கிழமைகளில் அவர் ஏன் எப்போதும் நாற்காலியில் இருக்கிறார், எல்லாம் சொன்னேன். மூச்சு வாங்கியது. மகனின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாமல் முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

உள்ளே வந்து இவர் நாற்காலியில் உட்கார்ந்து சட்டையைக் காட்டினார். இரண்டை அமுக்கினேன். நாக்கு திரும்பும்வரை மூன்று பேரும் பேசாமல் காத்திருந்தோம். அந்தப் பக்கம் நண்பர்கள் அறையைவிட்டு வெளியே போயிருந்தார்கள்.

குரல் வந்ததும் இவர் கேட்ட முதல் கேள்வி, "கையெழுத்துப் போட்டுட்டியா?"

"நேத்தே போட்டுட்டேன் அத்தா," என்றான். "நீங்க நல்லா இருக்கீங்கன்னு நெனச்சுத்தான் போட்டேன்."

"நல்லதுதான் பண்ணினே," என்றார்.

போட்ட கையெழுத்தை எடுக்க முடியாது, பாஸ்போர்ட் கம்பெனிக்காரனிடம் இருக்கிறது. ஒரு நாள் முன்னால் பேசியிருந்தால் என்று இப்போதும் மனம் சொல்லும். ஆனால் முந்தின நாள் யாரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. போனை வைத்த பிறகு இவர் வெகுநேரம் என்னைப் பார்க்காமல் இருந்தார். பிறகு, "இன்னைக்குக் காக்கா பேசல," என்றார். கோபமா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இப்போது மகன் வெள்ளிக்கிழமை இரண்டு தடவை கூப்பிடுகிறான். முதல் தடவை அத்தாவின் பேச்சைக் கேட்க. இரண்டாம் தடவை அவர் நடப்பதைப் பார்க்க. இரண்டாவதில் யாரும் பேசுவதில்லை. இவர் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடப்பார், அவன் பார்த்துக்கொண்டிருப்பான்.

விளையாட்டு கொஞ்ச நாள் நின்றிருந்தது. மறுபடி தொடங்கிய அன்று, விதியை எழுதிவிட்டேன் என்றான். பழைய கம்பி ஒரு நேரத்தில் ஒரு மிஷினைத்தான் தாங்கும். கிழவர் கிரேனைப் பிடித்துவைத்தால் ஒலிபெருக்கி கிடையாது. கத்தினால் கிரேன் கிடையாது. அவனுடைய நண்பர்கள் சண்டை போட்டார்கள். அநியாயம், கட்டையையாவது உருட்ட விடு என்றார்கள். அவன் கேட்கவில்லை.

நான் அரிசி டின்னுக்குப் பக்கத்தில் வந்து, கேட்காமலே கண்ணாடிக்கு முன்னால் நின்றேன்.

"கதைதானே தம்பி. ரெண்டையும் செய்யட்டுமே. விட்டுடேன்."

"அப்படியெல்லாம் விட முடியாதும்மா," என்றான்.