துணி பறக்கும்
எங்கள் தெருத் தையல்கடையில் மின்விசிறி உண்டு, போட மாட்டார்கள். கேட்டால், "வெட்டின துணி பறக்கும்" என்பார் தையல்காரர். சரியான கஞ்சன் என்று நானே வைதிருக்கிறேன்.

விஷயம் வேறு. பக்கத்து மெஷினில் தைக்கும் அவர் மனைவிக்கு ஏறு நெற்றி. மறைக்க முன்முடியை இறக்கி விட்டிருப்பார், காற்றடித்தால் தூக்கிக்கொள்ளும். இருபது வருஷமாக இருவரும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

போன மாதம் அந்த அம்மா அறுவை சிகிச்சை செய்துகொண்டார். முடியோரத்தை இரண்டு விரல் அளவு கீழே இழுத்துத் தைத்தார்கள். காயம் ஆறிக் கடைக்கு வந்ததும், தையல்காரர் கண்ணாடி மாட்டிக் குனிந்து பார்த்தார்.

"தையல் சுத்தமா இருக்கு."

அந்த அம்மா முடியைப் பின்னால் வாரிச் செருகி, நேரே போய் மின்விசிறியைப் போட்டார்.

"துணி பறக்குமே" என்றார் அவர், பழக்க தோஷத்தில்.

"பறக்கட்டும். எனக்காக நீங்க புழுங்கினது போதும்."