மலை சரிந்த வருடத்துக் கோப்பி

ஒஸ்லோவில் கோப்பி வறுத்து விற்கும் சிறிய நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறேன். வந்திறங்கும் கொட்டையைச் சுவை பார்ப்பதும், அதை விளைவிப்பவர்களோடு கதைப்பதும் என் பொறுப்பு. மட்டக்களப்பில் சீனி அள்ளிப் போட்ட கோப்பி குடித்து வளர்ந்தவனுக்கு இந்த வேலை எப்படி வாய்த்தது என்று மனைவி இப்போதும் சிரிப்பாள்.

உகண்டாவின் கிழக்கு மலையில் இருந்த ஒரு கூட்டுறவுச் சங்கத்திடம் வாங்கலாம் என்று முதலாளியிடம் சொன்னவன் நான்தான். அங்கே போயும் வந்தேன். சங்கத்தின் தலைவி ஓய்வுபெற்ற ஆசிரியை. காயப்போட்ட கொட்டையில் பழுதைப் பொறுக்கும் பெண்களுக்கு அவருடைய தங்கை பொறுப்பு. நான் ஒரு பிடி அள்ளப் போக, தங்கை என் கையைத் தட்டிவிட்டார்.

"கை கழுவினீங்களா?"

தலைவிக்கு வேறொரு கேள்வி இருந்தது. "பையிலை எங்கட சங்கத்தின்ரை பேர் வருமா? இவ்வளவு காலமும் எங்கட கோப்பி யாற்றையோ கோப்பியோடை கலந்துதான் போனது."

"வரும். பெரிய எழுத்திலை வரும்," என்றேன்.

அறுவடை முடிகிற நேரத்தில் மழை பிடித்தது. ஒரு காலை, வேலைக்குப் போகும் ரயிலில் கைபேசியைத் திறந்தால், மலைச்சரிவின் படங்கள். வீடுகள் இருந்த இடம் வழித்தெடுத்த சிவப்பு மண்ணாகக் கிடந்தது. தலைவியின் தொலைபேசி பல நாட்கள் வேலை செய்யவில்லை. கடைசியில் அவரே எடுத்தார்.

"தங்கச்சி வீட்டோடை போயிட்டாள். தோண்டிப் பாத்தாங்கள், கிடைக்கேல்லை." பிறகு அதே குரலில், "கோப்பிக் களஞ்சியம் தப்பிட்டுது. பாதைதான் இல்லை," என்றார்.

"கோப்பியை விடுங்கோ அம்மா."

"அதை விட்டா எங்களிட்டை வேறை என்ன இருக்கு? அவள் பொறுக்கின கொட்டை." தொடர்ந்து அவரே கேட்டார், "உங்கட ஊரிலையும் இப்பிடி நடக்குமா?"

"எங்களுக்கு மலை இல்லை. கடல் வந்தது."

"பிறகு?"

"மிஞ்சின ஆக்கள் இருக்கிறம்."

சாக்குகளைத் தலையிலும் கழுதையிலும் ஏற்றி, மழைக்குள்ளேயே கீழே இறக்கினார்கள். துறைமுகத்தில் அவை நெடுநாள் கிடந்தன. ஒஸ்லோவுக்கு வந்தபோது நல்ல குளிர்காலம். முதல் சாக்கின் வாயைப் பிரித்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. பூஞ்சண வாடை.

வறுத்து, அரைத்து, கோப்பைகளில் ஊற்றி வைத்தோம். முதலாளி ஒரு கரண்டி உறிஞ்சித் துப்பினார். மறுபடியும் உறிஞ்சினார். "இன்னொரு சாக்கைத் திறவும்," என்றார். எல்லாச் சாக்கும் ஒன்றுதான்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. பேசிய விலையில் கை வைக்கமாட்டேன் என்று சொன்னார். ஆனால் அந்தப் பெயரில் விற்க முடியாது. கருக வறுத்து, மலிவுக் கலவையில் சேர்த்து, அலுவலக இயந்திரங்களுக்கு அனுப்பவேண்டும்.

"கொஞ்சப் பையாவது அவையின்ரை பேரிலை போடுவமே," என்று கெஞ்சினேன்.

"குடிச்சவன் பிறகு அந்தப் பேரைத் தொடமாட்டான். அது அவைக்கு நல்லதோ?"

சங்கத்தின் பெயரோடு அச்சடித்து வந்த பைகள் பெட்டியோடு மூலையில் இருந்தன.

தலைவியிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். அந்தப் பக்கம் எங்கோ சேவல் கூவியது.

"அவள் பொறுக்கினது பிழையா?"

"இல்லை. அதிலை ஒரு குறையும் இல்லை. மழைதான்."

"நிச்சயமா?"

"ஓம், நிச்சயமா." அது பொய்யில்லை. வாடைக்கு அடியில் அவ்வளவு சுத்தமான கொட்டை.

"அப்ப கலந்துதான் போகும்," என்றார்.

"ஓம்."

நன்றி சொல்லித் தொலைபேசியை வைத்தார். அந்தக் கொட்டை முழுவதையும் நானே வறுத்தேன். வேறு யாரிடமும் கொடுக்க மனம் வரவில்லை. புகை கண்ணில் எரிய எரிய நின்றேன்.

சரிவில் இருந்தவர்களை அரசாங்கம் சமவெளிக்கு மாற்றியது. தலைவி அங்கே மகனோடு இருக்கிறார். "இங்கை கோப்பி வளராது. சோளம்தான்," என்று ஒருமுறை செய்தி அனுப்பினார். பிறகு நான் அனுப்பியவற்றுக்குப் பதில் இல்லை.

அடுத்த பருவத்துக்கு முதலாளி வேறொரு மலையைக் கண்டுபிடித்தார். மாதிரிப் பொதி வந்தது. சுவை பார்த்தேன். நல்ல கோப்பி. வாங்கலாம் என்று சொன்னேன்.